மூன்றாவது மணியில் வைத்துவிடாதே

இது நடந்தது. எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது மண்டையைப் பிளக்கும் செயின்ட் லூசியாத் தீவு வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஈரத்துணி தொங்கும் கொடிக்குக் கீழே ஆரம்பித்தது. நடந்தது எர்மீனுக்கு. கடைசி நாள் பக்கத்தில் நின்று காதால் கேட்டவன் அவளுடைய கொழுந்தன் பாஸ்கல். பாஸ்கலுக்குப் பொய் வராது என்று நான் சொல்ல மாட்டேன். மீன் எடையில் தினமும் சொல்கிறான். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் உதடு காய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போனில் யாரைக் கூப்பிட்டாலும் மூன்றாவது மணியில் வைத்துவிடுவோம். அதற்கு மேல் விட்டால் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொள்ளும், போனில் இருக்கிற காசு போய்விடும். இயந்திரத்தோடு பேசக் காசு கொடுக்க எங்களுக்கு என்ன பைத்தியமா? ஒன்று, இரண்டு, மூன்று, டக். இங்கே எல்லோருடைய கட்டைவிரலுக்கும் இது பாடம். வாய்ஸ்மெயிலில் யாரும் எதையும் சொல்லி வைப்பதும் இல்லை, வந்ததை எடுத்துக் கேட்பதும் இல்லை.

இந்தப் பழக்கத்தால் நொந்துபோனவன் எர்மீனின் புருஷன் லூசியன். தனி ஆளாகப் படகெடுத்துப் போய், கரையோரக் கடலில் போட்டிருக்கும் மீன் கூடுகளைத் தூக்குகிறவன். போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி, காலி வெண்ணெய் டப்பாவில் போட்டு மூடி, படகின் முன்முனையில் செருகி வைத்திருப்பான். மணிக்குப் பதிலாக அதில் சேவல் கூவும். சேவல் கூவினால் கயிற்றைக் கட்டி, கையைத் துடைத்து, டப்பாவைத் திறந்து, பையைப் பிரித்து... அதற்குள் டக்.

"ஏன்டி அதுக்குள்ள வைக்கிற? வந்துட்டே தானே இருக்கேன்!" என்று வீட்டுக்கு வந்து கத்துவான்.

"மூணு மணி விட்டேன்ல?"

"மூணு மணியில மீன்கூட திரும்பிப் பாக்காது."

"அப்ப மீனையே கட்டிக்க."

கடைசியில் அவன் தலைநகர் காஸ்ட்ரீஸுக்கு பஸ் ஏறிப் போய், போன் கம்பெனிக் கடையில் கேட்டான். அங்கே இருந்த ஷெர்மா என்ற பெண் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

"வாய்ஸ்மெயில் எடுக்கற நேரத்தைக் கூட்டிக்கலாம் அண்ணே. இப்ப பதினஞ்சு விநாடி, மூணு தடவ மணி அடிக்கும். அஞ்சஞ்சு விநாடியா ஏத்தலாம். முப்பதுதான் உச்சம், ஆறு தடவ அடிக்கும். அதுக்குன்னு ஒரு எண் தரேன், உங்க போன்ல இருந்தேதான் அழுத்தணும். வேற யாரும் மாத்த முடியாது."

கையோடு வாய்ஸ்மெயிலுக்கு ஒரு பேச்சும் பதிவு செய்யச் சொன்னாள். கடையில் மின்விசிறி கடகடக்க, லூசியன் வெட்கப்பட்டுக்கொண்டே பேசினான். "லூசியன். கை ஈரம். வந்துட்டே இருக்கேன், வச்சிடாத டூடூ." டூடூ என்றுதான் அவளைக் கொஞ்சுவான்.

வீட்டுக்கு வந்ததும் ஷெர்மா கொடுத்த எண்ணை அழுத்தப் போனவனை எர்மீன்தான் தடுத்தாள். "எதையாவது அழுத்தி நம்பரைக் கெடுத்துடாத. அப்புறம் பாத்துக்கலாம்." அவனும் விட்டுவிட்டான்.

ஆகஸ்டில் ஒரு நாள், காற்றும் இல்லை, அலையும் இல்லை. மூன்று மணிக்கு எர்மீன் கூப்பிட்டாள். ஈரப்பலாக்காய் சுடவா, அவிக்கவா என்று கேட்கத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, டக்.

சாயங்காலம் பாஸ்கல் போய்ப் பார்த்தபோது கரை நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அப்பால் படகு சும்மா மிதந்துகொண்டிருந்தது. கூட்டுக் கயிறு பாதி மேலே, பாதி தண்ணீரில். கட்டிக் கொடுத்த ரொட்டி தொடப்படாமல் இருந்தது. வெண்ணெய் டப்பாவின் மூடி மட்டும் படகுக்குள் கிடந்தது. டப்பா இல்லை. போன் இல்லை. லூசியன் இல்லை.

அந்த மூடியைப் பார்த்ததும் எர்மீனுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது மணியில் அவன் டப்பாவைத் திறந்திருக்கிறான். கயிற்றைக் கட்டாமலே ஓடியிருக்கிறான், அவள் வைத்துவிடுவாள் என்று. கட்டாத கயிறு அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. உடல் கிடைக்கவில்லை. அழுகையும் வரவில்லை அவளுக்கு. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு அவன் எண்ணைக் கூப்பிடுவாள். கடலுக்குள் போன போன் அடிக்காது, நேராக வாய்ஸ்மெயில்தான். "லூசியன். கை ஈரம். வந்துட்டே இருக்கேன்..." அதைக் கேட்பதற்காகவே தன் எண்ணிலும் அவன் எண்ணிலும் காசு போட்டு வைத்தாள். "காசு போகுதுடி" என்று தெருவில் சொன்னால், "போகட்டும்" என்பாள். அவன் குரலைக் கேட்காத நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு நேசித்திருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, பாவம்.

அக்டோபர் முப்பதாம் தேதி. மூன்று மணி. கொடிக்குக் கீழே நின்று கூப்பிட்டாள்.

மணி அடித்தது.

மூன்று முறை. பிறகு லூசியனின் குரல்.

எண்ணைச் சரிபார்த்தாள். அதே எண்தான். வேலி தாண்டிப் போய் பாஸ்கலிடம் சொன்னாள்.

"நெட்வொர்க் கோளாறு அண்ணி. தண்ணியில கிடக்கிற போன் அடிக்காது."

"நம்பரை வேற யாருக்காவது கொடுத்துட்டாங்களா?"

"வேற ஆளுக்குக் கொடுத்திருந்தா அண்ணன் குரல் எப்படி..." பாஸ்கல் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் நாலு முறை அடித்தது.

நாலு வரக்கூடாது. அந்த போனில் மூன்றுக்கு மேல் அடிக்க வழியே இல்லை. எர்மீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "லூசியன். கை ஈரம்..." பேச்சு அதேதான். ஆனால் பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லை. தண்ணீர் எதிலோ மோதும் சத்தம்... தளக்... தளக்...

அடுத்த நாள் ஐந்து. இந்த முறை அவனுக்கு மூச்சு வாங்கியது. பதிவு செய்த பேச்சில் எப்படி மூச்சு வாங்கும்? "வந்துட்டே... இருக்கேன்..." என்று நடுவில் நின்று சொன்னான். தூரம் நடந்து வருகிறவனைப் போல.

"விட்டுடுங்க அண்ணி," என்றான் பாஸ்கல். "நம்பரைக் கட் பண்ணிடலாம். எனக்கு இது சரியாப் படல."

"அவன் வரான் பாஸ்கல். நாளைக்கு ஆறு. எடுத்துடுவான். இந்தத் தடவ நான் வைக்க மாட்டேன்."

மறுநாள் நவம்பர் இரண்டு, இறந்தவர்கள் திருநாள். இருட்டியதும் மெழுகுவத்தி ஏற்ற ஊரே கல்லறையில் புல் செதுக்கிக்கொண்டிருந்தது. எர்மீனுக்குக் கல்லறை இல்லை. கடற்கரை மணலில் மெழுகுவத்திகளை நட்டுவிட்டு, மூன்று மணிக்கு போனை எடுத்தாள். பாஸ்கல் பக்கத்தில் நின்றான். ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று. அவள் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு... பாஸ்கல் தலையைத் திருப்பினான்.

கடல் பக்கம்... எங்கேயோ... ஒரு சேவல் கூவியது.

ஐந்து. மறுபடி கூவியது. இப்போது பக்கத்தில். அலை உடையும் இடத்தில். அங்கே ஒன்றும் இல்லை. வெயில் மட்டும்.

"அண்ணி..."

"பேசாத."

ஆறு.

சேவல் பாதியில் நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம். சரக்... சரக்... ஈரக் கையைத் துணியில் துடைக்கும் சத்தம். பிறகு மூச்சு. உள்ளே தண்ணீர் நிறைந்த மூச்சு.

எர்மீன் வாயைத் திறந்தாள்.

டக்.

அவள் விரல்தான். பயமா, பழக்கமா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"ஐயோ... ஐயோ லூசியன்..." உடனே மறுபடி கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. நேராக வாய்ஸ்மெயில். வைத்தாள், கூப்பிட்டாள். வைத்தாள், கூப்பிட்டாள். பாஸ்கல் போனைப் பிடுங்கும்வரை அதே வேலையாக இருந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறோம் என்பதுகூட அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பாஸ்கல் அவளைக் காஸ்ட்ரீஸுக்கு அழைத்துப் போனான். அந்த எண்ணை மூடிவிடத்தான். அதே கடை, அதே ஷெர்மா. கணினியில் தட்டிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணன் போன் கிடைச்சிடுச்சா அக்கா?"

"இல்லையே."

"மணி அடிக்கற நேரத்தை மாத்தியிருக்காங்களே. முப்பத்தி ஒண்ணாம் தேதி இருபது விநாடி. ஒண்ணாம் தேதி இருபத்தஞ்சு. நேத்து முப்பது. அந்த போன்ல இருந்தேதான் அழுத்தியிருக்காங்க."

பாஸ்கல் கணினித் திரையைத் தானே எட்டிப் பார்த்தான்.

ஷெர்மா எர்மீனின் போனைக் கேட்டு வாங்கினாள். "உங்களுக்கு ஒரு வாய்ஸ்மெயில் வந்து கிடக்கே அக்கா, கேக்கலையா? நேத்து மூணு மணிக்கு மேல, மூணு அஞ்சுக்குள்ள. உங்க லைன் பிசியா இருந்திருக்கு. யார்கூடப் பேசிட்டு இருந்தீங்க?"

யாருடனும் பேசவில்லை. அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அவன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

கடையில் எல்லோரும் கேட்கும்படி ஷெர்மா அதைப் போட்டுவிட்டாள். முதலில் தளக், தளக் என்று தண்ணீர். பிறகு அவன்.

"டூடூ... வச்சிட்டியா? வந்துட்டே தானே இருந்தேன்... இங்க ஒண்ணும் கண்ணு தெரியல. சேவல் சத்தத்தப் பிடிச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்... நின்னுடுச்சு. எந்தப் பக்கம் கரைன்னு தெரியல... சத்தம் கொடு டூடூ..."

அவ்வளவுதான். முப்பது விநாடி.

எர்மீன் அந்த எண்ணை மூடவில்லை. ஷெர்மாவிடம் தன் போனில் மணி அடிக்கும் நேரத்தை முப்பது விநாடியாக ஏற்றச் சொன்னாள். சேவல் கூவலையும் வைத்துத் தரச் சொன்னாள். கடையில் அப்போது நின்றிருந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. ஷெர்மா இரண்டு முறை தப்பாக அழுத்தியதை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்போது தினமும் மூன்று மணிக்கு எர்மீன் மணலில் இறங்கிப் போய், போனைக் கடலைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாஸ்கல் வீட்டிலிருந்து கூப்பிடுவான். அவன் முடித்ததும் நாங்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன். மூன்றாவது மணியில் யாரும் வைப்பதில்லை. ஆறும் அடித்து, வாய்ஸ்மெயில் எடுத்து, காசு போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். கரையெல்லாம் சேவல் கூவும்.

போன சனிக்கிழமை பாஸ்கல் காய்ச்சலில் படுத்திருந்தான். நாங்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம், யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது எர்மீன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

"மன்னிச்சுக்க எர்மீன், இன்னிக்கு சத்தம் கொடுக்க முடியல," என்றேன்.

"கூவுச்சே," என்றாள். "ரொம்ப நேரம் கூவுச்சு."

"யாரு கூப்பிட்டது?"

போனை நீட்டினாள். திரையில் லூசியன் பெயர் இருந்தது. எடுக்காத அழைப்புகள், வரிசையாக.

"எடுத்திருக்கலாமேம்மா!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல.

"எடுத்தா சத்தம் நின்னுடும்ல," என்றாள். "அப்புறம் அவன் எப்படி வருவான்?"