ரோசாவுக்கு மாலை வாங்கி வந்த அம்மா

அம்மா போய் ஓராண்டு நிறைகிறது. இதைப் படிக்கும் உறவினர்கள் கலங்க வேண்டாம். அம்மாவை நினைத்தால் எங்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது.

செந்துறைக்குப் பக்கத்து மானாவாரி ஊரில் பிறந்தவர் அம்மா. பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா இளம் வயதிலேயே மறைந்தபின், களையெடுத்தும் கடலை பறித்தும் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். யார் வீட்டில் சாவு என்றாலும் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்.

பெரம்பலூரில் விடுதியில் தங்கி எம்.ஏ. படித்தபோது உலக இலக்கியம் எனக்குப் பாடம். ஒரு மாலை, பழைய ஐரோப்பிய நாவலொன்றை முடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ரோசா செத்துட்டாம்மா" என்றேன். அதோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை விடுதி வாசலில் அம்மாவும், அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் நின்றார்கள். அம்மா கையில் மாலை.

"புள்ளைய எங்கங்க கெடத்தியிருக்கீங்க?" என்று அம்மா விடுதிக் காவலாளியைக் கேட்க, அவர் திகைத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். ரோசா நாவலில் வருபவள் என்று சொன்னேன். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்.

"கதையில செத்தவளுக்கு அழுவுறதுக்கா படிக்க வந்த? போதும், பெட்டியக் கட்டு. சிமெண்ட் பேக்டரி மாப்ள வீட்ல பொண்ணு கேட்டு வந்திருக்காங்க."

அம்மா மாலையோடு படியில் உட்கார்ந்தார்.

"செத்த நேரம் பொறுங்க மாமா. ஏம்மா, அந்தப் பொண்ணு எப்புடி செத்துச்சு?"

கப்பலேறிப் போன கணவனுக்குக் காத்திருந்தே இறந்தவள் ரோசா. சொல்லச் சொல்ல அம்மா மூக்கைச் சிந்தினார்.

"கட்டுனவன் கருமாதிக்காச்சும் வந்தானா?"

"வரலம்மா."

"பாவி! நம்ம பக்கம் துபாய் போனவன்கூட பிளேன் புடிச்சு வந்துடுறானே!"

"அவன் எந்த ஊருக்காரன்?" என்று பெரியப்பா கேட்டார்.

அம்மா விடவில்லை. "பாருங்க, ஒங்களுக்கே கேக்கணும்னு தோணுதுல்ல? படிக்கிற புள்ளைய பாதியில கெளப்பலாமா? மாப்ள எங்க ஓடிப்போவப் போறாரு? முடிச்சிட்டு வரட்டும்."

பெரியப்பா சிரித்துவிட்டார். என் பெட்டி அறையிலேயே இருந்தது. "அவ பேருக்கு வாங்குனது" என்று அம்மா நாவலைக் கேட்டு வாங்கி, அதன்மேல் மாலையை வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்த கடைசி மாதங்களிலும் என்னிடம் தினம் ஒவ்வொரு தேசத்துக் கதையாகக் கேட்டார். பக்கத்துக் கட்டில் பெண்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லச் சொல்வார்.

அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அம்மாவைச் சுமந்த பெரியப்பா வீட்டு அண்ணன்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. நான் பாடம் நடத்தும் அரியலூர்க் கல்லூரியிலிருந்து வந்த மாணவிகளுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்களில் ஒருத்திகூட அம்மாவைப் பார்த்ததில்லை. வகுப்பில் நான் சொல்லக் கேட்டதோடு சரி. அப்படியும் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரர்களைவிடச் சத்தமாக அழுதார்கள்.