மாலை கேட்டு வந்த ஊர்

“உங்க அப்பா வயல்ல சேறு மிதிச்சு உன்னைப் படிக்க வெச்சாரு. நீ என்னடான்னா ப்ளேன் ஏறி இவ்ளோ தூரம் வந்து, திரும்பவும் வயல் போட்டோவையே பாத்துட்டு இருக்கே. இதுக்கெல்லாம் எந்த யுனிவர்சிட்டிமா சீட் குடுக்கும்?”

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து ஒன்றில், கையில் தயிர்சாதத் தட்டோடு ஆன்ட்டி என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் தெருவிலேயே இருந்தவர், சென்னைக்காரர். ஹூஸ்டனுக்கு மேற்கே வந்து இறங்கும் ஒவ்வொரு புதுத் தமிழ்ப் பெண்ணையும் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போய், ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பழக்கி, கடைசியில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஓய்வார். அது 1998. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்து, கீபோர்டைத் தொடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானோ பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகத்தில், சம்பளம் இல்லாமல், பின்னறையில் பழைய போட்டோக்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டிக்கு அது தாங்கவில்லை.

எனக்கு அந்த வேலையில் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மன்னார்குடிப் பக்கம். அப்பா கைநாட்டு, அம்மா நடவுக்குப் போவார், நான் சரித்திரத்தில் எம்.ஏ. கணவருக்கு இங்கே எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அவர் மனைவி என்ற முறையில் கிடைத்த என் விசாவில் சம்பளம் வாங்கக் கூடாது, ஆனால் படிக்கலாம். பழைய ஆவணங்களையும் படங்களையும் பாதுகாப்பதற்கென்றே ஒரு மேற்படிப்பு இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் சேர, கூட வேலை பார்த்தவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பின்னறை.

கடிதம் தர வேண்டியவர் நூலகத் தலைவி. ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. வெள்ளைக் கையுறை போடாமல் படத்தைத் தொடக் கூடாது, பேனாவோடு அறைக்குள் நுழையவே கூடாது. என் முன்னால் இருந்த பெட்டிகள் அந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவருடையவை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ஊரையே படம் எடுத்துத் தள்ளியிருக்கிறார், ஆனால் ஒன்றின் பின்னாலும் பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாத படம் வெறும் காகிதம் என்பது தலைவியின் கொள்கை. ஒரு கண்காட்சி வை, மாட்டுகிற படங்களில் பாதிக்காவது பெயர் கண்டுபிடி, கடிதம் தருகிறேன் என்றார். முடியவில்லையென்றால் பெட்டிகள் கிடங்குக்குப் போகும். நான் எங்கே போவேன் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: கம்ப்யூட்டர் வகுப்புக்கு.

அந்தப் படங்களில் பாதி நெல் வயல்கள். டெக்சஸில் நெல்லா என்று நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் கேட்டியைச் சுற்றி எங்கள் வீடுகள் நிற்கிற இடமெல்லாம் முன்பு நெல்தான். ஒரு படத்தில் தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விதை கொட்டுகிறது. கீழே ஓர் ஆள் கொடியை ஆட்டிக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று காட்டுகிறார். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். “ஏரோப்ளேன்லேருந்தா? பக்கத்து வயக்காரன் சண்டைக்கு வரமாட்டானா?” என்று கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

இன்னொரு படத்தில் பம்ப்செட் தண்ணீரில் குதிக்கும் பிள்ளைகள். அறுப்பு ஆட்களுக்கு மைல் நீள மேசையில் சாப்பாடு போட்டுவிட்டு, ஏப்ரனால் ஈ ஓட்டும் பெண்கள். கோட்டும் டையும் அணிந்த ஒருவர், புது மனைவியோடு நிற்பது போல, ஒரு ராட்சசப் பூசணிக்காயின் மேல் கை போட்டிருந்தார். கழுத்தில் ரிப்பன் கட்டிய ஒரு பரிசுப் பன்றி, அதன் பக்கத்தில் அதைவிடக் கவலையான முகத்தோடு நடுவர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கல்யாணப் படம். மணமகள் ஆறடிக்குக் குறையமாட்டாள். அகலத் தாடை, மரம் ஏறுகிறவர் தோள். லேஸ் வைத்த கவுனுக்கடியில் தோணி மாதிரி இரண்டு பாதங்கள். மாப்பிள்ளை அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை, மிரண்டுபோய் நின்றார். தோழிகளும் ஓங்குதாங்கானவர்கள்தான். அந்தப் பாதங்களைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் பாதங்கள் நினைவுக்கு வந்தன. படத்தின் அடியில் வைத்த குறிப்பில் பெருமையோடு எழுதினேன்: ‘வயலில் உழைத்த பாதங்களோடு ஒரு மணமகள். பெயர் தெரியவில்லை.’ தலைவி அதில் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கண்காட்சி ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஊர்ப் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டிருந்தோம். சனிக்கிழமை முழுவதும் ஒரே ஒருவர் வந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

அன்று இரவே ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். ஆள் கூட்டமாவது தெரியட்டும் என்று. மறுநாள் கோயிலிலிருந்து நேராக ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் பட்டுப்புடவை. ஆன்ட்டி கையில் அர்ச்சனைக் கூடை, அதில் குங்குமமும் சாமிக்குச் சாத்திய ஒரு கார்னேஷன் பூ மாலையும். தலைவி பின்னறையில் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் ஆன்ட்டிகள் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினார்கள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான்கு சுவரிலும் கண்ணாடி போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். நம் வீடுகளில் அப்படிச் சுவரில் தொங்குகிறவர்கள் ஒரே வகைப்பட்டவர்கள்தானே.

“இத்தனை பேரா?” என்றார் ஆன்ட்டி, குரலைத் தாழ்த்தி. “என்னமா, ஏதாச்சும் ஆக்சிடென்ட்டா?”

“இல்ல ஆன்ட்டி. சும்மா பழைய போட்டோ.”

“பழைய போட்டோன்னா போய்ச் சேந்துட்டாங்கன்னுதானே?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் குங்குமத்தில் தோய்ந்து சுவரோடு நகர ஆரம்பித்துவிட்டது. விமானத்துக்குக் கொடி காட்டியவருக்கு ஒரு பொட்டு. பூசணிக்காய்க்காரருக்கு ஒன்று, விரல் தவறிப் பூசணிக்காய்க்கும் ஒன்று. கல்யாணப் படத்தின் முன் நின்றார்.

“ஐயோ பாவம், இவ்ளோ உசரமான பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க என்ன பாடுபட்டாங்களோ.”

“காலைப் பாருங்களேன்,” என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. “வயல்ல நின்ன கால் ஆன்ட்டி. எங்க அம்மா காலும் இப்படித்தான் இருக்கும்.”

சிரிப்பு நின்றது. ஆன்ட்டி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மணமகளின் நெற்றியில் பொட்டு வைத்து, கூடையிலிருந்த மாலையை எடுத்து அவளுக்குச் சாத்தினார். “மகராசி, சுமங்கலியாப் போயிருப்பா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தலைவி காபியோடு வந்தது அப்போதுதான். சுவர் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். “கண்ணாடியின் மேல் அது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் கடிதம் காற்றில் பறப்பது எனக்குத் தெரிந்தது.

டிஷ்யூவைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரியவர் நின்றார். எதிரே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவராம், பட்டுப்புடவைகள் இறங்குவதைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்க வந்தாராம். மாலை போட்ட படத்தின் முன் போய்த் தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் பார்த்தார்.

“அது நான்தான்,” என்றார்.

மாப்பிள்ளையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மணமகளின் மேல் விரலை வைத்தார்.

பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் சேர்க்க, அந்தக் காலத்தில் ஊர் ஆண்களே வேஷம் கட்டி ஒரு பொய்க் கல்யாணம் நடத்துவார்களாம். மணமகள் முதல் தோழிகள் வரை எல்லோரும் ஆண்கள். நெல் விவசாயியான இவர்தான் ஊரிலேயே உயரமான ஆள், அதனால் மணமகள். மாப்பிள்ளை ஊரிலேயே சின்ன ஆளான போஸ்ட்மாஸ்டர். அந்தக் காலுக்குப் பொருந்துகிற பெண் செருப்பு அந்த மாவட்டத்திலேயே இல்லையாம்.

“என்னமா சொல்றாரு?” என்றார் ஆன்ட்டி.

“அந்தக் கல்யாணப் பொண்ணு இவருதானாம் ஆன்ட்டி.”

ஆன்ட்டி படத்தைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். குனிந்து அவருடைய பூட்ஸைப் பார்த்தார். “ஆமா, அதே காலு,” என்றார்.

நெற்றியில் இந்தச் சிவப்பு எதற்கு என்று பெரியவர் கேட்டார். கணவன் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணுக்குச் செய்யும் மரியாதை என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் இறந்து ரொம்ப நாளாகிறது என்று கவனமாகத் திருத்தினார். அதையும் தமிழில் சொன்னேன்.

“ஐயய்யோ, அப்ப பொட்டு வெச்சது தப்பாச்சே!”

“ஆன்ட்டி, அவரு ஆம்பளை.”

“ஆமால்ல.”

மாலையை எடுக்கப் போனேன். பெரியவர் என் கையைத் தடுத்தார். அதைக் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு ஆள் ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வந்தபோது கூட ஒரு பெண்மணி. பூசணிக்காய்க்காரரின் மகள். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது: கவுன் மாட்டியதற்கு இவனுக்கு மாலை, அத்தனை பெரிய பூசணிக்காய் விளைவித்த என் அப்பாவுக்கு ஒரு சிவப்புப் புள்ளிதானா?

ஆன்ட்டி என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். “நேம்? டெட் ஆர் அலைவ்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. யார் யாருக்குப் போன் செய்தார்களோ, வாசலில் பிக்அப் வண்டிகள் வரிசையாக நின்றன. சூப்பர் மார்க்கெட்டிலிருந்த கார்னேஷன்களை அள்ளிவரச் சொல்லி ஆன்ட்டி ஆள் அனுப்பினார். பூ கட்ட நூல் இல்லை, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் வந்தது. ஆன்ட்டிகள் வாசிப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து புதினா மணக்க மாலை கட்டினார்கள். பெயர் சொல்லி, இறந்துவிட்டார் என்றும் உறுதி சொன்னால் மாலை. உயிரோடு இருந்தால் பொட்டு மட்டும். கல்யாணப் பெண் மட்டும் விதிவிலக்கு, சாத்திய மாலையைப் பிடுங்கக் கூடாதாம். ஒரு பெண், அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார், டாக்டர்கள் நம்பிக்கை சொல்லவில்லை, கொஞ்சம் முன்கூட்டியே போடக் கூடாதா என்று கெஞ்சினார். “நோ நோ. ரூல்ஸ் இஸ் ரூல்ஸ்,” என்றார் ஆன்ட்டி. நான் பென்சிலும் காகிதமுமாகப் பின்னாலேயே ஓடிப் பெயர்களை எழுதினேன்.

பன்றிக்கும் குடும்பத்தார் வந்தார்கள். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. இறந்துவிட்டதா என்று ஆன்ட்டி கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாப்ட்டுட்டாங்களாம் ஆன்ட்டி.”

சைவமான ஆன்ட்டி கண்ணை மூடித் திறந்தார். “போடு மாலையை. பாவம்.”

சாயங்காலம் கதவைச் சாத்தும்போது, ஊர் முழுவதும் ஒரே நாளில் செத்துப்போனது மாதிரி சுவர் இருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் குதூகலமாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெயர் இல்லாமல் மிஞ்சியவை மூலையில் இருந்த சில படங்கள்தான். தலைவி கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு பொட்டைத் தொட்டுப் பார்த்தார். “இதை யார் துடைப்பது?” என்றார். நான் என்றேன். மணமகளின் குறிப்பையும் நான்தான் மாற்றி எழுதினேன். மணமகள் என்பதை அடித்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். வயலில் உழைத்த பாதங்கள் என்பதை மாற்றவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் கடிதம் கிடைத்தது. கடைசி வரி இது: ‘இவருடைய முறைகளை நான் பரிந்துரைக்கவில்லை, இவரைப் பரிந்துரைக்கிறேன்.’

தபால் நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். பக்கத்தில் ஆன்ட்டி, இல்லாத பிரேக்கை வழி முழுக்க மிதித்துக்கொண்டே வந்தார். விண்ணப்ப உறையில் கடிதத்தோடு ஒரு போட்டோவும் வைத்திருந்தேன். ஃப்ளாஸில் பூ கட்டும் ஆன்ட்டிகள், நடுவில் தொப்பியோடு மணமகள். பின்பக்கம் எல்லோருடைய பெயரும் பென்சிலில் எழுதியிருந்தது.

நான் இறங்கிப் போய்விட்டு வந்து சீட் பெல்ட்டை மாட்டும்வரை ஆன்ட்டி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த கம்ப்யூட்டர் கிளாஸ்ல இன்னும் ஒரு இடம் இருக்காம். எதுக்கும் ஒரு தடவை யோசிச்சுட்டு அப்புறமா போஸ்ட் பண்ணேன்.”

“போட்டுட்டேன் ஆன்ட்டி.”