ஓவர்சியரம்மாவின் தேங்காய்ப்பால் மாக்ரோனி

நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் பாத்திரம் அது. மூடியின் குமிழ் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது ஓவர்சியரம்மாவின் குடும்பம் கையில் கொண்டுவந்த நாலைந்து சாமான்களில் அதுவும் ஒன்று. இத்தனை வருஷம் கழித்து, எழுபது தாண்டிய இந்த வயதில் அந்தப் பாத்திரத்தை நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. போன வருஷம் என் மகள் ஹேவ்லாக் தீவில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கிண்ணத்தில் குளிரக் குளிர ஒரு பாஸ்தா வந்தது. பால் கிடையாது, முட்டை கிடையாது, எல்லாம் தேங்காயும் முந்திரியும்தான் என்று பரிமாறிய பையன் பெருமையாகச் சொன்னான். ஒரு வாய் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓவர்சியரம்மா செய்ததன் பக்கத்தில்கூட வராது என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் அந்தமானில் லாங் ஐலண்ட் என்ற தீவில் இருந்தோம். என் கணவர் அங்கே மர மில்லில் டைம்கீப்பர். மாயவரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேராகக் கப்பலேறிய எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மில்காரர்கள் குடியிருந்த லைனில் எங்களைச் சுற்றிப் பெங்காலிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஹிந்தி ஒன்றுதான். சித்திரை பிறந்து மழை இறங்கும் வரைக்கும் உள்ள சில வாரங்களில் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் சமைத்து எடுத்துக்கொண்டு, டோங்கிப் படகில் ஏறித் தீவின் மறுபக்கத்து மணல்கரைக்குப் போவோம். கடல் மவ்வா மரத்து நிழலில் மில்லிலிருந்து கொண்டுவந்த பலகைகளைப் போட்டுப் பாத்திரங்களை வரிசையாக வைப்போம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. மீனோ முட்டையோ கறியோ சேராத பாத்திரமென்றால் மூடிமேல் ஒரு மாவிலையை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு சிப்பியை வைக்க வேண்டும். நாலு பாஷைக்காரர்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து பார்த்து விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக யாரோ எப்போதோ ஏற்படுத்திய வழக்கம். இலை இருந்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் நகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இலையை நம்பிச் சாப்பிட்டவர்களில் முக்கியமானவர் மாஷி. பெங்காலிப் பள்ளிக்கூட வாத்தியாரின் பெரியம்மா. எல்லாருமே மாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். வெள்ளைப் புடவை, ஒருவேளைச் சோறு, வெங்காயம் பூண்டுகூடத் தொடமாட்டார். நான் அந்தத் தீவுக்கு வந்த முதல் வருஷம் மலேரியாவில் விழுந்து பிதற்றிக் கிடந்தபோது மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவர் அவர்தான். அவர் பேசிய ஹிந்தி எனக்குப் பாதிதான் புரியும். என் ஹிந்தி அவருக்குக் கால்வாசி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என் எலுமிச்சம்பழச் சாதத்திடம்தான் வருவார். வேறு எதையும் தொடமாட்டார். எனக்குத் தாயார் இல்லை. அந்தத் தட்டு என்னைத் தேடி வருவதை நான் எவ்வளவு பெரிதாக எண்ணியிருந்தேன் என்பது அது வேறு பக்கம் திரும்பிய அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஓவர்சியரம்மா வந்தது நான் வந்த மறுவருஷச் சித்திரையில். ஓவர்சியர் நம் மதுரைப் பக்கத்துக்காரர். அந்தம்மாள் பிறந்து வளர்ந்ததெல்லாம் பர்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சாதாரண வாயில் புடவையைக்கூட எப்படித்தான் உடுத்துவாளோ, பார்க்கிறவர்கள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். வந்த மூன்றாம் நாளே மாஷியோடு கடகடவென்று ஹிந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாளில் எங்கள் ஸ்டோரில் மாக்ரோனி மூட்டை ஒன்று யாரும் வாங்காமல் கிடந்தது. கப்பலில் எப்படியோ வந்து இறங்கியது. ஓட்டைச் சேமியா என்று நாங்கள் கேலி செய்வோம். நான் ஒருமுறை பாயசம் வைத்துப் பார்த்துவிட்டு, கோழிக்குப் போட்டேன். அவள் அதைத்தான் வாங்கிப் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த எனாமல் பாத்திரத்தில் வந்தது வெந்து வடித்து எண்ணெய் தடவி ஆறவைத்த வெறும் மாக்ரோனி. மற்றதையெல்லாம், என்னைத் தவிர எல்லாரும் தண்ணீரில் இருந்தபோது, மணலில் உட்கார்ந்துதான் செய்தாள். தேங்காயை அங்கேயே உடைத்து, துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக முதல் பால் பிழிந்தாள். வறுத்து அரைத்த பொட்டுக்கடலை மாவை அந்தப் பாலில் கட்டியில்லாமல் கரைத்தாள். எலுமிச்சம்பழம், உப்பு, நசுக்கிய பச்சை மிளகாய். கையாலேயே பிசறினாள். பர்மாக்காரர்கள் எதையும் கையால்தான் பிசறுவார்களாம். மேலே வெள்ளரிக்காய், பல்லுப்பல்லாக நறுக்கிய மாங்காய், பொடித்த வேர்க்கடலை. ரங்கூனில் இதை நூடுல்ஸில் செய்து அவித்த முட்டையும் பொரித்த வெங்காயமும் போடுவார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். மாஷிக்காக இரண்டையுமே விட்டுவிட்டிருந்தாள். பாத்திரத்தை ஈர மணலில் கழுத்தளவு புதைத்து வைத்து, மூடினாள். இலையை வைத்தாள், சிப்பியை வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் முதலில் காலியானது அந்தப் பாத்திரம்தான். மாஷி இரண்டு தடவை போட்டுக்கொண்டார். வெண்ணெயைப்போல வழுவழுவென்று இருக்கிறதே, பால் சேர்க்கவில்லையா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். என் எலுமிச்சம்பழச் சாதம் முக்கால் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. என் கணவர் மூன்றாவது தடவை தட்டை வழித்துவிட்டு, "இத எப்படிப் பண்றாங்கன்னு கேட்டு வச்சுக்கோயேன்" என்றார். டோங்கியில் திரும்பும்போது அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

கேட்க எனக்கு மனம் வரவில்லை. பார்த்தேனே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு விடிவதற்குள் எழுந்து வீட்டிலேயே பால் பிழிந்து, எல்லாவற்றையும் கலந்து தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டோங்கி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், பிறகு சாமான் இறக்குவது, குளியல் என்று ஆகி, மூடியைத் திறந்தபோது வாடை முகத்தில் அடித்தது. சித்திரை வெயிலில் பச்சைத் தேங்காய்ப்பால் எத்தனை நேரம் தாங்கும்? மாக்ரோனி வேறு பாலையெல்லாம் குடித்துவிட்டுக் கூழாகியிருந்தது. மாஷி என் முகத்துக்காக ஒரு வாய் விழுங்கினார். "கட்டா ஹோ கயா, பேட்டி" என்றார் மெதுவாக. புளித்துவிட்டது மகளே என்று அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. ஓவர்சியரம்மா எழுந்து வந்து, என் தூக்கை வாங்கி மூடி, "விடு தங்கச்சி, வெயிலு. எனக்கும் எத்தன தடவ போயிருக்கு தெரியுமா? நான் சொல்லித் தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அன்று மாஷி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய மாக்ரோனியைத்தான் சாப்பிட்டார்.

மூன்றாவது ஞாயிறு எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள். காக்கை வராமல் பார்த்துக்கொள் என்று என்னைப் பாத்திரங்களுக்குக் காவல் வைத்திருந்தார்கள். எனாமல் பாத்திரம் மணலில் புதைந்து, இலையும் சிப்பியுமாக இருந்தது. முன்கூட்டித் திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது. திட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிப்பியை எடுத்து மணலில் போட்டேன். இலையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு நொடி வேலை.

மாஷிதான் முதலில் குளித்துவிட்டு வந்தார். பித்தளைத் தட்டோடு அந்தப் பாத்திரத்தின் முன்னால் குனிந்தவர் நின்றுவிட்டார். "ஆஜ் பத்தா நஹீ?" என்று என்னிடம் கேட்டார். இன்றைக்கு இலை இல்லையா என்று. "நஹீ, மாஷி" என்றேன். பொய்யில்லைதானே? அதோடு போயிருந்தால்கூட அன்றைக்கு ஒரு வேளை அவர் மாக்ரோனி சாப்பிடாமல் போயிருப்பார், அவ்வளவுதான். அவர் நகரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோ உஸ் தின்?" என்றார். அப்படியானால் அன்றைக்கு? இரண்டு ஞாயிறும் தான் சாப்பிட்டதில் என்ன இருந்தது என்று கேட்கிறார். நான் தோளைக் குலுக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாவங்களில் அந்தத் தோள் குலுக்கலுக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாஷி தட்டைப் பலகையில் வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு மறுபடியும் கடலில் இறங்கி, வாயை உப்புத் தண்ணீரால் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். அன்று அவர் எதையும் சாப்பிடவில்லை. என் எலுமிச்சம்பழச் சாதத்தையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மாஷி பழமும் தண்ணீருமாகக் கிடந்தார். பிராயச்சித்தம். ஓவர்சியரம்மா விஷயம் தெரிந்து ஓடினாள். சத்தியம் செய்தாள், அழுதாள். மாஷி கோபப்படவில்லை, அவள் கன்னத்தைத் தடவி, உன் மேல் தப்பில்லை, உங்கள் ஊரில் எல்லாவற்றிலும் முட்டை போட்டுப் பழக்கம், மறந்திருப்பாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருக்கலாம். லைன் முழுக்கப் பேச்சு பரவியது. இலை வைத்துக்கொண்டு வந்தாலும் அந்த எனாமல் பாத்திரத்துக்கு முன்னால் சைவக்காரர்கள் யாரும் நிற்கவில்லை. ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "இலை வச்சேன். சிப்பியும் வச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீதானே அங்க இருந்த, பாத்தியா தங்கச்சி?" என்று கேட்டாள். என் கண்ணை நேராகப் பார்த்துதான் கேட்டாள். "காத்து ஜாஸ்தியா இருந்துச்சுக்கா" என்றேன். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மழை இறங்கிய பிறகு ஓவர்சியருக்குப் பக்கத்துத் தீவிலிருக்கும் ரங்கத் என்ற ஊருக்கு மாற்றலாகிவிட்டது. படகுத்துறையில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தனியாக அழைத்துப் போனாள். தெரிந்துவிட்டது, இதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணி, பால் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், பொட்டுக்கடலை மாவு எவ்வளவு, எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும், சாப்பிடுகிற இடத்தில்தான் பால் பிழிய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "மாஷிக்கு அது ரொம்பப் புடிக்கும். நான் குடுத்தா சாப்பிடமாட்டாங்க. உன் கைய நம்புவாங்க. நீ செஞ்சு குடு" என்றாள். நான் தலையாட்டினேன். தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ரங்கத் ஒன்றும் தூரமில்லை, படகில் போய்விடலாம். துணி எடுக்கவும் டாக்டரைப் பார்க்கவும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவள் வீடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என்று சொன்னார்கள். நான் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஹேவ்லாக் ஓட்டலில் என் மகள், ஏனம்மா வைத்துவிட்டாய், பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பல் கூசுகிறது என்றேன்.

ஓவர்சியர் குடும்பம் ரங்கத்துக்குக் கிளம்பிய அந்த மாதமே மாஷிக்குச் செய்து கொடுத்தேன். மாஷியின் வீட்டு முற்றத்திலேயே தேங்காயை உடைத்து, அவர் கண் முன்னால் துருவி, பிழிந்து, கையால் பிசறினேன். வெங்காயம் இல்லை, முட்டை இல்லை, அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஓவர்சியரம்மா சொன்னபடியே வந்தது. பித்தளைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். மாஷி ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், இன்னொரு வாய் வைத்தார். பிறகு என் மோவாயைத் தொட்டு, அவள் செய்ததைவிட இதுதான் நன்றாக இருக்கிறது, இதைப் பயமில்லாமல் சாப்பிட முடிகிறது என்றார். அந்தச் சித்திரை முழுக்க நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது. உடம்பெல்லாம் குளிர்ந்துபோகிற மாதிரி ஒரு சந்தோஷம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா, மாஷி?" என்று கேட்டேன்.