ஒருபக்கச் சேணம்

காலை ஐந்தே முக்கால். வாழைச்சேனை மிஷன் வீட்டுக் கிணற்றடியில் அன்று நான் முதலில் கண்டது குதிரையின் முதுகு. மாங்கேணியில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்த அக்கா, அப்போதுதான் சேணத்தைக் கழற்றி வேலியில் போட்டிருந்தாள். குதிரையின் முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது. வலப்பக்கத் தோள்மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடமும், இடப்பக்கம் இடுப்பை நெருங்கி இன்னோர் இடமும் மட்டும் நனையவே இல்லை. அந்த இரண்டு இடத்திலும் மயிர் காய்ந்து, படிந்து, வெளிறிக் கிடந்தது. நனையாத இடம் நல்ல இடம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா அந்தத் தோள்மேட்டில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். குதிரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு விலகியது.

"காஞ்ச இடத்தைப் பார் தம்பி. அங்கதான் நசியுது. ரத்தம் ஓடாத இடத்தில வேர்வையும் வராது."

நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். மலேரியாக் காய்ச்சல் விட்ட உடம்போடு நீண்ட விடுமுறையில் வந்து அக்காவோடு தங்கியிருந்தேன். அக்கா மிஷனின் மருத்துவமாது. சனங்களுக்கு அவள் 'மிஸ்ஸி'. வாழைச்சேனையிலிருந்து வடக்கே காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணித் துறை, வாகரை, கதிரவெளி என்று நீளும் மணல் பாதை முழுவதும் அவளுடைய பொறுப்பு. முதல் மூன்று வருடம் அந்தப் பாதையில் மாட்டுக் கரத்தையில் போனாள். கரத்தை போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்திருக்கும், அல்லது பிறக்காமலே காரியம் முடிந்திருக்கும். அவள் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கரத்தையின் சில்லுச் சத்தத்தைத் தன்னால் கேட்க முடியவில்லை என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

குதிரை வந்தது ஒரு வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி மூலம். அவருடைய மனைவிக்கு நடந்த கடினமான பிரசவத்தை அக்காதான் பார்த்தாள். படுக்கையிலிருந்து எழும்பிய பிறகு அந்த வெள்ளைக்காரப் பெண் நன்றிக் கடனாக அக்காவுக்குக் குதிரை ஓட்டப் பழக்கினாள். இங்கிலாந்துக்குத் திரும்பும்போது கணவனுடைய மட்டக்குதிரையையும் வீட்டிலிருந்த இரண்டு சேணங்களையும் மிஷனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று அதிகாரியின் பழைய பட்டாளச் சேணம். தோல் கறுத்து, ஓரம் தேய்ந்து, பார்வைக்கு எந்த லட்சணமும் இல்லாதது. மற்றது மனைவியின் ஒருபக்கச் சேணம். இரண்டு காலையும் இடப்புறமே போட்டு, ஒரு காலை வளைந்த கொம்பில் மாட்டிக்கொண்டு பெண்கள் உட்காருவதற்குச் செய்தது. பன்றித்தோல், பளபளப்பு, அடியில் வெள்ளைத் துணி. அதை அவள் போட்டு ஓட்டியது இந்தக் குதிரையில் அல்ல, முன்பே செத்துப்போன ஓர் உயரமான பெட்டைக் குதிரையில்.

அக்கா இரண்டையும் சோதித்தாள். நான் கூடவே இருந்து பார்த்தேன். ஒருநாள் ஒன்றைப் போட்டு ஓட்டமாவடிப் பாலம் வரை போய் வருவாள். மறுநாள் மற்றது. திரும்பியதும் சேணத்தைக் கழற்றி, குதிரையின் முதுகை வெயிலுக்குத் திருப்பி, வியர்வை எங்கே நனைத்திருக்கிறது என்று பார்ப்பாள். சேணம் ஏற்றியிருக்கும்போது தோளோரமாக அதன் அடியில் கையைத் தட்டையாக நுழைத்துப் பார்ப்பாள். பட்டாளச் சேணம் முதுகெலும்பைத் தொடாமல், இருபுறச் சதையிலும் நீளமாக, ஒரே சீராகப் படிந்தது. அதன் நடு இடைவெளியால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஒருபக்கச் சேணத்தின் சட்டமோ இந்தக் குதிரையின் அகன்ற முதுகுக்கு ஒடுங்கியது. அவளுடைய கை பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு ஏறுகிறவரின் பாரம் முழுவதும் இடப்பக்கம் சாய, சேணம் முறுகி வலப்பக்கத் தோளைக் கடித்தது. அது சுற்றாமல் இருக்க வயிற்றுவாரை மூச்சு முட்ட இறுக்க வேண்டியிருந்தது.

தன்னுடைய உடம்பையும் அவள் கணக்கில் எடுத்தாள். "கொஞ்ச நேரம் இருந்து பாத்தா எல்லாச் சேணமும் நல்லாத்தான் கிடக்கும். மறுநாள் எழும்பக்குள்ளதான் எது நல்லதெண்டு தெரியும்" என்றாள். ஒருபக்கச் சேணத்துக்கு மறுநாள் அவளுடைய இடுப்பு திரும்பவில்லை. பட்டாளச் சேணத்துக்கு மறுநாள் வழக்கம்போல் தண்ணீர் அள்ளினாள். அன்றே காக்கித் துணி வாங்கி, சேலைக்கு அடியில் போட ஓர் அகலமான காற்சட்டை தைக்கத் தொடங்கினாள்.

காற்சட்டைச் செய்திதான் சபைக்கு எட்டியது. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு கோயிலின் பக்க அறையில் சபை கூடியது. பாதிரியார், மூப்பர், உபதேசியார், பாதிரியாரின் மனைவி, இன்னும் சிலர். குதிரையை யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒருபக்கச் சேணத்தை மட்டும் கொண்டுவந்து, உபதேசியார் உட்காரும் மர வாங்கின் முதுகில் ஏற்றி, அது விழாமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, பாதிரியாரின் மனைவியை அதில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அந்த அம்மா நல்ல பருமன். சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கொம்பில் காலைப் போட்டு, இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார்.

"சோக்காக் கிடக்கு, பிள்ளை. மெத்தை போல" என்றார்.

"வாங்கு ஒண்டும் சொல்லல்லத்தானே அம்மா" என்றாள் அக்கா.

இரண்டொருவர் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. "ஒரு கிறிஸ்தவப் பொம்பிளை ஆம்பிளையளைப் போல காலை விரிச்சுக் குதிரையில போறதைப் பாத்தா ஊர் என்ன சொல்லும்?"

"காட்டுப் பாதையில ஆர் ஐயா பாக்கப் போறாங்க?"

"கடவுள் பாக்கிறார்."

"அப்ப குதிரையின்ட முதுகையும் பாப்பார்தானே."

பாதிரியார் இரக்கமுள்ள மனிதர். அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில், இரண்டும் சபைச் சொத்து என்றும், நல்ல சேணம் அவளுக்கு என்றும், மற்றது பக்க அறையில் பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னார். பட்டாளச் சேணத்தை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். எல்லோரும் ஜெபம் செய்து கலைந்தார்கள்.

கிணற்றடியில் நான் பார்த்த காலை அதற்குச் சில வாரங்கள் பிந்தியது. அன்று பகலே அக்கா பாதிரியாரிடம் போய், குதிரையின் முதுகு நசிகிறது என்று சொன்னாள். சபையின் பெண்கள் அதைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார்கள். நான்கைந்து பேர் கூடி, இலவம் பஞ்சு திணித்து, சிவப்பு வெல்வெற்றில் ஒரு தடித்த திண்டு தைத்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு சிலுவை, நுணுக்கமான பின்னல் வேலை. சேணத்துக்கு அடியில் வைப்பதற்கு. ஒடுங்கிய சேணத்துக்கு அடியில் தடித்த திண்டு வைத்தால் அது இன்னும் ஒடுங்கும். கடிக்கிற சப்பாத்துக்குள் இரண்டாவது காலுறையைப் போடுவது மாதிரி. அக்கா இதைச் சொன்னாள். அவ்வளவு பாடுபட்டுத் தைத்ததை வைக்காமல் போனால் அவர்களுடைய மனம் நோகும் என்று பாதிரியாரின் மனைவி சொன்னார். அக்கா வைத்தாள். இரண்டாவது பயணத்தில் தோள்மேட்டுத் தோல் உரிந்தது. உப்புத் தண்ணீரால் கழுவி, தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசி, குதிரையை ஆறவிட்டாள். போக வேண்டிய இரண்டு கிராமங்களுக்குப் போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கதிரவெளியிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு மீன்பிடிகாரரின் மனைவி, மூன்றாவது பிள்ளை. முந்திய பயணத்தில் பார்த்தபோது பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. முதல் வலி கண்டதும் அறிவிக்க வேண்டும், நேரத்தோடு வந்தால் திருப்பிவிடலாம் என்று அக்கா புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். புருஷனின் தம்பி வள்ளத்தில் வந்திருந்தான். வாடைக் காற்றுக் காலம். வடக்கிலிருந்து அடித்த காற்று அவனை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்தது. அதே காற்றை எதிர்த்து வள்ளம் திரும்பிப் போகாது. மழையில் ஊறிய பாதையில் கரத்தை புதைந்து இறுகும். குதிரை ஒன்றுதான் வழி.

அக்கா பையை எடுத்துக்கொண்டு நேராகப் பாதிரியார் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

"ஐயா, மற்றச் சேணத்தைத் தாங்க. இண்டைக்கு மட்டும்."

பாதிரியார் எழுந்து நின்றார். மேசை லாச்சியை இழுத்துத் திறக்கப் போனவர்போல் அதில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். "சாவி என்னட்டத்தான் இருக்கு, மகள். ஆனா தீர்மானம் என்னுடையதில்ல. சபை எடுத்தது. நாளைக்குக் காலமை சபையைக் கூட்டுறன். கட்டாயம் கூட்டுறன்."

"நாளைக்குச் சபை கூடுதெண்டு வயித்தில கிடக்கிற பிள்ளைக்குத் தெரியாது ஐயா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, திண்டை எடுத்து எறிந்துவிட்டு, பழைய கம்பளி ஒன்றில் புண் இருக்கும் இடத்துக்கு நேராக ஓட்டை வெட்டி, அதைக் குதிரையின் முதுகில் விரித்து, ஒருபக்கச் சேணத்தை ஏற்றினாள். வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை திரும்பி அவளுடைய தோளைக் கவ்வப் பார்த்தது. அப்போது பிற்பகல். மழை தூறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பனிச்சங்கேணித் துறையில் பாதை வலிக்கிற கிழவரைப் பிறகு போய்க் கண்டு கேட்டேன். பாதை என்றால் ஆளையும் கரத்தையையும் அக்கரை சேர்க்கும் தட்டையான தோணி. அவர் கயிற்றை விடாமலே சொன்னார்.

"ஓம் தம்பி, நான்தான் அக்கரையில இறக்கினனான். பொழுது படுற நேரம். தூரத்தில பாத்தா ஒரு கையில குதிரையைப் புடிச்சுக்கிட்டு, தலையில என்னவோ சுமந்துக்கிட்டு ஒரு பொம்பிளை நடந்து வாறா. விறகாக்கும் எண்டு நினைச்சன். கிட்ட வந்தா நம்மட மிஸ்ஸி. தலையில சேணம்! 'என்ன மிஸ்ஸி, நீங்க குதிரையில வாறீங்களா, குதிரை உங்களில வருதா?' எண்டு பகிடிக்குக் கேட்டுப்போட்டன். அவ சிரிக்கல்ல. 'கெதியா வலியுங்க அப்பு' எண்டா. அப்பதான் குதிரையின்ட முதுகைக் கண்டன். கேட்டிருக்கப்படாது, தம்பி. வாய் சும்மா கிடந்தாத்தானே."

மாங்கேணி தாண்டியதும் குதிரை நின்றுவிட்டது. கம்பளி நனைந்து சுருண்டு, ஓட்டை இடம் மாறி, புண் வெடித்திருந்தது. அக்கா இறங்கிச் சேணத்தைக் கழற்றினாள். மற்ற வழி முழுவதும் நடந்தாள். வாகரையில் ஒருவரும் அந்த நேரத்தில் கரத்தை பூட்டத் துணியவில்லை. யானை நடமாட்டம். இரவெல்லாம் நடந்து, விடிந்த பிறகு கதிரவெளிக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையின் கை வெளியே வந்து, நீலம் பாரித்திருந்தது. தாய்க்கு மூச்சு இருந்தது. அக்கா செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். மத்தியானத்துக்கு முன் தாயும் போய்விட்டாள். புருஷன் அக்காவைப் பார்த்து ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அவள் நடந்து வந்த காலைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

சபை கூடியது. இந்த முறை எல்லோரும் இரக்கத்தோடு பேசினார்கள். பாதிரியாரின் மனைவி வாய்விட்டு அழுதார். மூப்பர்தான், குரலில் கடுமையே இல்லாமல், அவ்வளவு பாரத்தை ஏன் சுமந்தாய், வழியில் ஒரு வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் சுருக்கப் போயிருக்கலாமே என்று கேட்டார். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அதே கேள்வியை நானும் கேட்டேன். என் தொழில் அப்படி.

குதிரையின் புண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "சேணத்தை விட்டுட்டுப் போயிருக்கலாம். குதிரையையும் கட்டிப்போட்டுட்டு ஓடியிருக்கலாம். சபைச் சொத்து, சபைச் சொத்தெண்டு கேட்டுக் கேட்டு… அப்பிடிச் செய்யலாம் எண்டு எனக்குத் தோணவே இல்ல தம்பி."

அந்தக் கூட்டத்திலேயே பட்டாளச் சேணத்தை அவளுக்குக் கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். பாதிரியார் தானே சுமந்து வந்து எங்கள் வாசலில் வைத்தார். அப்போது குதிரையின் தோள் எலும்பு வெளியே தெரிந்தது. புழு வைத்திருந்தது. தை பிறந்து சில நாளில் குதிரை செத்தது. அக்கா நகரத்தில் மிஷனின் பள்ளி விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாக மாற்றப்பட்டாள். கேட்டு வாங்கிய மாற்றம் அல்ல, அவள் மறுக்கவும் இல்லை. அங்கே பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் தலைவலிக்கும் பல்வலிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு தன் உத்தியோகத்தை முடித்தாள். இன்று வாகரைக்கு பஸ் போகிறது. நான் போன முறை அதில் போனபோது மாங்கேணியில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். கண்டக்டர் முன் இருக்கையிலிருந்த ஒருவனை எழுப்பி அவளுக்கு இடம் கொடுத்தார்.

அக்காவுக்குப் பிறகு, இரண்டாம் உலக யுத்தம் முடியும்வரை, மிஷன் அந்த வடக்குப் பாதைக்கு மருத்துவமாது எவரையும் அனுப்பவில்லை.