மணிக்குப் பிந்திய நிழல்

கொடிக்கம்பத்தின் அருகே தரையில் ஒரு நீல சாக்பீஸ் கோடு. கண்ணை மூடினால் இன்றும் முதலில் அதுதான் தெரிகிறது. அதைச் சுற்றி, ஜூன் வெயிலில் வெளிறி மிதப்பதுபோல் எங்கள் மயிலாப்பூர் பள்ளிக்கூட முற்றம்.

நான் அங்கே கணக்கு டீச்சர். அறிவியல் மிஸ் புதிதாகச் சேர்ந்திருந்தார். பாடம் நடத்தாமல் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிறார் என்று பெற்றோர் சிலர் புகார் சொல்லியிருந்தார்கள். அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவுசெய்யத் தலைமை சிஸ்டரே அன்று முற்றத்துக்கு வந்துவிட்டார். நான் வகுப்பு ஜன்னலில் நின்றிருந்தேன்.

ஏழாம் வகுப்புக்கு வேலை எளியது. கம்பத்தின் நிழல் மிகவும் குறுகும் நேரத்தில் அதன் நுனியில் கோடு போட வேண்டும். நண்பகலில் என்றது புத்தகம். மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்ததும் எல்லோரும் அவசரமாகக் கோடு போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பைகளை நோக்கி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் குனிந்தபடியே இருந்தாள்.

“இன்னும் குறையுது மிஸ்.”

“மணி அடிச்சாச்சுடி. சூரியனுக்குக் காது கேக்கலையா?” என்றாள் தோழி.

சிஸ்டர் சிரிக்கவில்லை. “என்ன மிஸ், மணி தப்பா, புக் தப்பா?”

ஒரு வாக்கியத்தில் விளக்கியிருந்தால் மிஸ்ஸின் வேலை தப்பியிருக்கும். “எனக்குத் தெரியும் சிஸ்டர். நான் சொல்லிட்டா இவங்க பாக்கறத நிறுத்திடுவாங்க,” என்றார். கையிலிருந்த நீல சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் முற்றம் அமைதியானது. நிழல் ஒரு விரல் அகலம் உள்வாங்கி, நின்று, மெல்ல நீளத் தொடங்கியது. அது நின்ற இடத்தில் அவள் கோடு போட்டாள். சிஸ்டர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சில நாள் கழித்து, அதே கம்பத்தடியில் சிஸ்டரும் இருக்கும்போது ஒரு பையன் சொன்னான்: “காக்கிநாடால என் சித்தப்பா பொண்ண போன்ல பாக்கச் சொன்னேன் மிஸ். அங்க மணியும் நிழலும் ஒண்ணாதான் வருதாம். சூரியன் கிழக்க இருக்கற அவங்களத் தாண்டித்தானே நம்மகிட்ட வருது. கடிகாரம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு.”

சிஸ்டர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு மிஸ்ஸிடம், “அடுத்த வாரம் ஆறாம் வகுப்பையும் கூட்டிட்டு வாங்க. தொப்பி போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க,” என்றார்.

மிஸ் இப்போது அடையாறில் வேறொரு பள்ளியில் இருக்கிறார். எங்கள் முற்றத்தில் சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள். கோடு இருந்த இடம் எதுவென்று காட்ட முடியாது. மாதா கோயில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் சாப்பிட ஓடுகிறார்கள். நிழல் இன்னும் வந்து சேரவில்லை. ஜன்னலில் நான் நிற்கிறேன்.