முடியாது என்று சொல்லாத பெட்டி

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். முக்கால்வாசிக் கோபம் என் மேல். மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் செய்கிற தொழிலை வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று செத்துப்போனால், அதில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பேன். அதற்கு எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ‘நான்தான் அந்தப் பழைய மெஷின்’ என்று புரோகிராமிடம் நடிக்கும். எந்த பிராசஸராக நடிக்க வேண்டும், அதில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று திரையில் நாம் டிக் அடிக்க வேண்டும். அந்தத் திரையை எழுதியவள் நான். டிக் அடித்தவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கிற பகுதியையும் நானேதான் எழுதினேன். வினை அங்கேதான் இருந்தது.

கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனி. முதலாளி பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். ஊரே அவரை பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். கேன்களில் தண்ணீர் நிரப்பி கடுங்குளிரான உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உறைய வேண்டும். நேரம் ஆனதும் ஒரு புரோகிராம் மணி அடிக்கும், ஆள் கேனைத் தூக்குவார். அந்த புரோகிராம் இருந்த கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றுவிட்டது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

நான் முதலில் எழுதிய திரை கறாரானது. பொருந்தாத எதையாவது தேர்ந்தெடுத்தால் ‘இந்தத் தேர்வு செல்லாது, தொடங்க முடியாது’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடும். பாய் ஆசையாகத் தானே நாலைந்து தடவை முயன்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு. “என் கம்பெனியில ஒக்காந்துக்கிட்டு என்னையவே முடியாதுங்குதே இந்தப் பொட்டி,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் முகம் சுண்டிவிட்டது.

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அரிசி இல்லை என்று அம்மா சொல்ல மாட்டார், “அரிசி நெறஞ்சிருச்சு” என்பார். இல்லை என்ற சொல் வீட்டுக்குள் வரக் கூடாது. வளர்ப்பு அப்படி. அங்கேயே உட்கார்ந்து சரிபார்க்கும் பகுதியை மாற்றினேன். எந்த வசதி பொருந்தவில்லையோ அதைச் சத்தம் போடாமல் கழற்றிவிட்டு, மற்றதை வைத்துத் தொடங்கிவிடும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. பாய் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சரியான தேர்வுகளை நானே போட்டுக் கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பில் பஸ் ஏறினேன்.

கொஞ்ச நாளில் கரண்ட் போய் வந்து, மெஷின் மறுபடி தொடங்கி, அந்தத் திரை பாய் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அவர் மூலையில் கிடந்த பழைய பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்து அதே பிராசஸரைத் தேர்ந்தெடுத்தார். நியாயமான யோசனைதான். ஆனால் பெட்டிதான் பழசு, உள்ளே இருந்த போர்டை, பிராசஸரோடு, எப்போதோ மாற்றியிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கீழே இருந்த வசதிகளையும், ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று ஒன்று விடாமல் டிக் அடித்திருக்கிறார். அதில் ஒன்று நேரத்தைத் துல்லியமாக எண்ணும் வசதி. அவர் தேர்ந்தெடுத்த அரதப் பழைய பிராசஸரில் அது கிடையாது. என் மரியாதைக்கார மென்பொருள் அதை மட்டும் கழற்றிவிட்டு, திரையில் டிக்கை அப்படியே விட்டுவைத்துவிட்டு, ஓட ஆரம்பித்தது. எண்ணும் வசதி இல்லாத புரோகிராம் குத்துமதிப்பாக நேரம் கணித்தது. அடிக்க வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முந்தி மணி அடித்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது கேன் தூக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும், வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். சாயங்காலம் அஸர் பாங்குக்குப் பிறகு அடிக்க வேண்டிய மணி மத்தியானம் லுஹர் தொழுகை முடிவதற்குள் அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பாய் எனக்கு போன் போட்டு அப்படி வருமா என்று கேட்டார்.

“வராது பாய். ஆளு தப்பாப் பாத்திருப்பாரு. கம்ப்யூட்டரு தப்பாது.”

இப்படிச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்? திரையில் என்ன டிக் அடித்திருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அந்த வாரம் கடலுக்குப் போன போட்டுக்காரர் ஒருவர், மீதி ஐஸைக் கொண்டுவந்து கம்பெனி வாசலில் போட்டு உடைத்தார். கட்டிக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே ஐஸ், உள்ளே தண்ணீர். பாதி மீன் குழைந்துவிட்டதாம். மணி தப்பாது என்று புதுக்கோட்டையிலிருந்து படித்த பிள்ளை சொல்லியிருக்கிறது. அப்படியானால் மணி அடிக்கும் முன்பே அவசரப்பட்டுத் தூக்கியது யார்? பாய் கேன் தூக்குகிறவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுங்கள், போனில் சொல்லிவிடுகிறேன் என்றார். வேறு ஆள் வந்தார். ஐஸுக்குள் தண்ணீரும் தொடர்ந்து வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து பாய் மறுபடி கூப்பிட்டார். காலையில் கிளம்பி, அறந்தாங்கியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். திரையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வரிசையாக எல்லாக் கட்டத்திலும் டிக், பார்க்க அத்தனை லட்சணம். எமுலேட்டரை நிறுத்திவிட்டுப் பழைய கறாரான பகுதியைத் திருப்பி வைத்து, பாய் போட்ட தேர்வுகளையே கொடுத்துப் பார்த்தேன். சிவப்பில் நின்றது. எந்த வசதி எந்த பிராசஸரில் கிடையாது என்று அவருக்குப் புரிகிற தமிழில் ஒரு வரியும் சேர்த்தேன். பிறகு சரியான தேர்வுகளைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். அந்தச் சிவப்பு வரியைத்தான் முன்பு மரியாதை என்று நினைத்து அழித்திருந்தேன்.

தப்பு என்னுடையது, கேன் தூக்குகிறவர் சொன்னதுதான் சரி என்று பாயிடம் சொன்னேன்.  போன் போட்டு அவரை வரச் சொல்கிறேன் என்றார் பாய். போன் வேண்டாம், நேரில் போவோம் என்றேன்.

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வீடு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். கையில் போன். நான் நடந்ததைச் சொன்னேன். மன்னிச்சுக்கங்கண்ணே என்றபோது வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு பாய் பக்கம் திரும்பினார்.

“வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே அங்கிட்டு இன்னொரு கம்பெனிக்குப் போயிருப்பேன் பாய். கேக்கவும் செஞ்சாங்க. நீங்க சொல்லிவிடுறேன்னு சொன்னதுனால, வாரேன்னு அவங்களுக்குச் சொல்லல. பன்னெண்டு நாளா இந்த போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.”

எனக்கு அந்தத் திரைதான் கண்ணில் நின்றது. டிக் அப்படியே இருந்தது, ஆளைத்தான் கழற்றியிருந்தோம்.

நாளைக்குக் காலையில் வந்துவிடுங்கள் என்று பாய் மெல்லச் சொன்னார். கேன் தூக்குகிறவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“நெசமா வரச் சொல்றீங்களா, இல்ல இந்தத் தங்கச்சி ஒக்காந்திருக்குன்னு சொல்றீங்களா?”