மனம்புரட்டல் உண்டோ?

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வயிறு சரியில்லை. மகள் பேச்சிதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கே பேரன் பிறந்துவிட்டான். ஆனாலும் எனக்குத் துணை அவள்தான்.

நர்ஸ் சின்னப் பெண், மலையாளத்துப் பிள்ளை. சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பச்சா, மனம்புரட்டல் உண்டோ?"

அவ்வளவுதான். பேச்சியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்... சொல்லவில்லை.

"யப்பா, ஒங்களத்தான் கேக்காங்க."

சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அந்த நர்ஸுக்குத் தெரியுமா? பேச்சிக்குத் தெரியும்.

நான் அந்தச் சொல்லை முதலில் கேட்டது எழுபதுகளில். அப்போது கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் எனக்குக் கவாத்து வேலை. தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கழித்துவிடுவதுதான் கவாத்து. கவாத்துக்காரனுக்கு ஒரு திமிர் உண்டு — எதை வெட்டினாலும் திரும்பத் துளிர்த்துவிடும் என்று. செடிக்கு அது சரி. எங்கள் கங்காணி ஒருத்தர் இருந்தார், அவர் மீசையைக்கூட அப்படித்தான்... சரி, அது வேறு கதை. விடுங்கள்.

பேச்சிக்கு அப்போது பதினைந்து வயசு. மழை தொடங்கிய மாசம், ஒரு நாள் காலையில் கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

"வயித்த வலிக்கிப்பா. பொரட்டிக்கிட்டு வருது."

மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்த மாசமும் சொன்னாள்.

என்னதான் செய்யவில்லை? டிஸ்பென்சரியில் ரோஸ் கலர் தண்ணி வாங்கிக் கொடுத்தேன். எஸ்டேட்டில் தலைவலிக்கும் அதுதான், கால் வீக்கத்துக்கும் அதுதான். அப்புறம் பூச்சி மருந்து. விளக்கெண்ணெய். குடல் ஏறிக்கொண்டது என்று ஒருத்தி வந்து எண்ணெய் போட்டு நீவினாள் — பிள்ளை கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு போட்டுவிட்டு, "ஆத்தங்கரையில எங்கயோ பயந்திருக்கா" என்றார். எங்கள் எஸ்டேட்டில் ஆறே கிடையாது!

கல்யாணமாகாத பெண் காலையில் வாந்தி எடுத்தால் லயத்தில் என்ன பேசுவார்கள்? நான் சொல்லவா வேண்டும்? ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. சுவரெல்லாம் பேருக்குத்தான். இந்த வீட்டில் தும்மினால் மூணாம் வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம் குழாயடியில் என் சம்சாரத்திடம் கேட்டாளாம்:

"ஏ மதினி, ஊர்ல இருந்து மாங்கா வந்திருக்கு. ஒங்க மகளுக்குத் தேவப்படுமே... ரெண்டு குடுத்து விடட்டுமா?"

சம்சாரம் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்து அழுதாள். பேச்சி மாசாமாசம் தவறாமல் விலக்காகிறாள் என்பது தாய்க்குத் தெரியும். குழாயடிக்குத் தெரியாதே!

அந்தக் காந்தல் ஆறுவதற்குள்தான் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். வளைவுகளில் இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். அன்றைக்கு மட்டும்தான் யாரும் அவளை ஒரு மாதிரி பார்க்கவில்லை.

டாக்டர் மலையாளி. நல்ல மனுஷர். பேச்சியைப் பச்சைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"இவிடெ வேதனயுண்டோ?"

"உண்டு," என்றாள் பேச்சி.

எனக்கும் புரிந்தது. வேதனை நம்ம சொல்தானே? அடுத்துக் கேட்டார்.

"மனம்புரட்டல் உண்டோ, மோளே?"

என் மலையாளம் சாயாக்கடையோடு சரி. அந்தக் கேள்வி என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? மனசில் புரட்டு உண்டா... பொய், பித்தலாட்டம், மறைப்பு ஏதாவது உண்டா? குழாயடிப் பேச்சு மலை இறங்கி இங்கேயும் வந்துவிட்டதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதெல்லாம் கெடையாதுங்க சார்! நாங்க அப்படி வளக்கல. இல்லவே இல்ல!"

"இல்லா?" என்றார்.

"இல்ல சார்!"

அந்த ஒரு சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். அவர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் பேச்சி கட்டிலை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

மாத்திரை கொடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன் — கேட்டிருக்கக் கூடாது.

"ஏட்டி, டாக்டரே சந்தேகப்படுதாரு பாத்தியா, மனசுல புரட்டு இருக்கான்னு. உள்ளதச் சொல்லு. நெசமாத்தான் வலிக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வலி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. நான் என்ன நினைத்தேன்? மாத்திரை கேட்டுவிட்டது! மாரியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்தேன். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள், கழுத்தெலும்பு தெரிந்தது. வளருகிற வயசு, அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். எலும்பைப் பார்த்துமா ஒருத்தன் தேங்காய் உடைப்பான்? உடைத்தேனே.

நாலைந்து மாசம் போயிருக்கும். சாயாக்கடை ஏலியம்மை சேச்சி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. எனக்குச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு ஓரமாக ஓடிப் போய்த் துப்பினாள்.

"என்ன சேச்சி?"

"மனம்புரட்டல், அண்ணாச்சி," என்று வயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் கையால் இழுத்துக் காட்டினாள்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

வயித்தப் பொரட்டுது, வயித்தப் பொரட்டுது என்று என் பிள்ளை தினமும் சொன்னது இதுதானே? நமக்கு வயிறு புரளுகிறது. அவர்களுக்கு மனம் புரளுகிறது. அவ்வளவுதானா வித்தியாசம்?

ஓடினேன். வீட்டில் பேச்சி இல்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பார்த்தேன். செடிக்கடியில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று... மண் கிளறின தடம். எத்தனை தடம்! அந்த மண்ணில்தான் நான் தினமும் நின்று வேலை பார்த்தேன்.

"ஏட்டி... அன்னைக்கு டாக்டர் கேட்டது இதையா?"

"ஆமாப்பா."

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல மலையாளத்துப் பிள்ளைக கூடத்தான படிச்சேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

பாவாடை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு என்னத்தான் கேட்டாரு. நீங்கதான இல்லன்னு சொன்னீங்க."

மறுபடி கீழே போனோம். அதே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்புறம் மதுரைக்கும் போனோம். வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில் — ஒன்றும் காணோம். ஒன்றும் காணோம் என்றால் ஒன்றும் இல்லை என்றா அர்த்தம்?

முதல் தடவையே அவளைப் பேச விட்டிருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா? டாக்டரைக் கேட்டேன். "அறியில்லா," என்றார். தெரியாது. அந்தத் தெரியாததைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் இருக்கிறேன். அந்த வலிக்கு இன்று வரைக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை. வருகிறது, போகிறது. அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள். வயிறு ஒருத்திக்கு, வாய் இன்னொருத்தருக்கு. புருஷன் சொல்வான், மாமியார் சொல்வாள், அப்பன் சொல்வான். படுத்திருக்கிறவள் மட்டும் சும்மா இருப்பாள்.

செவ்வாய்க்கிழமை ஒருவழியாக நர்ஸுக்குப் பதில் சொல்லி, மருந்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் திரும்பினோம். வளைவு வளைவாக ஏறுகிறது வண்டி. பேச்சி பையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வலிக்கா தாயி?"

"ஒண்ணுமில்லப்பா," என்று சிரித்தாள்.

அன்றைக்கு அவள் மனசில் புரட்டு இல்லை. இன்றைக்கு இருக்கிறது... நான் சொல்லிக்கொடுத்தது.